டான்டிக்கு இவ்வளவு பெருமை தேவையா?

வைகைக்கரை:
மூளை அனியூரிசம் (ரத்தக்குழாய்ச் சுவர் ஓரிடத்தில் பலூன் மாதிரி புடைப்பது) ஆபரேஷன் என்றாலே எல்லாரும் அமெரிக்க மூளை அறுவை நிபுணர் வால்டர் டான்டி என்கிறார்கள். 1937 மார்ச்சில், ஜான்ஸ் ஹாப்கின்ஸில், புடைப்பின் கழுத்தில் (அது ரத்தக்குழாயோடு சேரும் இடத்தில்) வெள்ளி கிளிப் மாட்டினார், சரி. அதற்கு 6 வருஷம் முன்பே எடின்பரோவில் நார்மன் டாட் மண்டையைத் திறந்து, நோயாளியின் தொடையிலிருந்து எடுத்த சதையைப் புடைப்பின் மேல் சுற்றி ஆளையும் பிழைக்க வைத்தாரே, அது எந்தக் கணக்கில்?

கத்திமுனை:
சுற்றுவதும் அடைப்பதும் ஒன்றாகுமா? ஓட்டை டியூபுக்கு வெளியே துணி கட்டின மாதிரிதான் அது, உள்ளே ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். அதற்கும் முன்னால், ஆளின் கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் குழாயையே கட்டிவிடுவார்கள், அதில் பக்கவாதம் வரலாம். டான்டியிடம் வந்தவர் 43 வயது ஆள், புடைப்பு நரம்பை அழுத்தியதில் ஒரு கண்ணின் இமை தொங்கிப்போயிருந்தது. கிளிப் போட்டதும் புடைப்புக்கு ரத்தம் நின்றது, பெரிய குழாய் திறந்தே இருந்தது. வித்தியாசம் இதுதான்.

வைகைக்கரை:
அந்த கிளிப்பே கடன் வாங்கியது. ரத்தப்போக்கை நிறுத்த 1911லேயே மூளை சர்ஜன் குஷிங் கொண்டுவந்தது.

சுதா_கோவை:
ரெண்டு பேரும் மைக்ராஸ்கோப்பை மறந்துவிட்டீர்கள். சூரிச் சர்ஜன் யாசர்கில் அமெரிக்காவில் வெர்மான்டுக்குப் போய், லென்ஸுக்கு அடியில் நூல் மாதிரியான குழாய்களைத் தைக்கப் பழகி, 1967ல் ஊர் திரும்பி அதை அனியூரிசத்துக்குக் கொண்டுவந்தார். வெறும் கண்ணால் கிளிப் மாட்டும்போது பக்கத்தில் இருக்கும் மெல்லிய கிளைக்குழாய் மாட்டிக்கொண்டால் நோயாளியின் கதி என்ன?

பிளாட்டினம்:
இன்னும் மண்டையைத் திறப்பதைப் பற்றியா பேசுகிறீர்கள்? 1990லேயே டாக்டர் குக்லியெல்மி தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய டியூப் விட்டு, புடைப்புக்குள் பிளாட்டினம் காயில் (சுருள் கம்பி) வைத்து அடைத்துவிட்டார். 2002ல், கசிந்த அனியூரிசத்துக்குக் கிளிப்பா காயிலா என்று ஒப்பிட்ட ஐசாட் ஆய்வு வந்தது: ஒரு வருஷத்தில் இறந்தவர்கள் அல்லது பிறர் உதவியில்லாமல் வாழ முடியாதவர்கள் காயிலில் 23.7%, கிளிப்பில் 30.6%. கதை முடிந்தது.

கத்திமுனை:
முடியவில்லை. ஐசாட் பரிசீலித்தது 9,559 பேர், சேர்த்தது 2,143 பேர், எந்த முறையும் செய்யலாம் என்று டாக்டர்கள் கருதியவர்களை மட்டும். கழுத்து அகலமாக இருக்கிற புடைப்புக்குள் காயில் நிற்காமல் நழுவுமே, அவர்களை எங்கே அனுப்புவீர்கள்? மறுபடி கசிவதும் காயில் பக்கம்தான் அதிகம்.

பிளாட்டினம்:
அதற்குத்தான் இப்போது ஸ்டென்ட் (காயில் நழுவாமல் ரத்தக்குழாய்க்குள் வைக்கும் வலைக்குழாய்) இருக்கிறது.

சுதா_கோவை:
ரத்தம் கசிந்து ராத்திரியில் கொண்டுபோன ஆளுக்கு ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாத மாத்திரை கொடுக்க வேண்டுமே, அதை யோசித்தீர்களா? என் அம்மாவுக்குக் காயில் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். கிளிப்தான் போட்டார்கள். இன்றும் எம்ஆர்ஐ எடுக்கப் போனால் வாசலிலேயே கிளிப் விவர அட்டை கேட்கிறார்கள், பழைய கிளிப் சில காந்தத்தில் நகருமாம். அம்மாவுடையது டைட்டானியம், அட்டை பர்ஸில் ரேஷன் கார்டோடு சேர்ந்தே இருக்கிறது.