புது கோச் வந்து ஒரு காலேஜ் ஃபுட்பால் அணி மாறுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஸ்டாட்ஸ் டியூட்டர்:

அமெரிக்காவில் பிஎச்.டி. படித்த நான்கு வருடமும், கைச்செலவுக்காக எங்கள் பல்கலைக்கழக ஃபுட்பால் அணிப் பையன்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தேன். இங்கே ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிற ஆட்டம். முதல் ஒன்றரை வருடம் பழைய கோச். 2021 நவம்பர் கடைசியில் அவரை அனுப்பிவிட்டார்கள். அதன்பின் புதியவர்.

‘அணியின் கல்ச்சரை மாற்றப்போகிறேன்’ என்று ஒவ்வொரு புது கோச்சும் முதல் பேட்டியிலேயே சொல்லிவிடுகிறார். அது உள்ளே எப்படி நடக்கிறது, எங்கே நடக்காமல் போகிறது என்பதைப் பார்த்தவர்கள் நம்மில் கொஞ்சம் பேராவது இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன்.

பழைய நாட்களில் எங்கள் ஸ்டடி ஹால் ஒரு தண்டனைக் கூடம் மாதிரிதான் இருக்கும். பையன்கள் தலைக்குமேல் தொப்பியை இழுத்துவிட்டு, காதில் ஹெட்போனோடு கடைசி மேஜையில் சாய்ந்திருப்பார்கள். டியூட்டர் மாணவனுடைய தாளில் ஒரு எழுத்துகூட எழுதக்கூடாது, அவன் கீபோர்டைத் தொடக்கூடாது. இது கறாரான விதி. ஆனாலும் பென்சிலை என் பக்கம் தள்ளிவிட்டு, எப்போது எழுதித் தருவாள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த அறைக்குப் போகிற வழியில்தான் சலவை அறை. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் அவன் நம்பர் போட்ட ஒரு பட்டை உண்டு. சாக்ஸ், ஷார்ட்ஸ், டி-ஷர்ட்டை அதில் கோத்து மாட்டிவிட்டால் அப்படியே மெஷினில் போட்டுத் துவைத்துத் திரும்ப மாட்டிவிடுவார்கள். கோப்பது பத்து நொடி வேலை. பாதிப் பேர் அதைச் செய்யமாட்டார்கள். கணுக்காலில் சுற்றின டேப்பைக்கூடப் பிரிக்காமல் சாக்ஸைச் சுருட்டித் தரையில் எறிந்துவிட்டுப் போவார்கள். பத்தொன்பது வயது மேனேஜர் பிள்ளைகள், அவர்களும் மாணவர்கள்தான், ராத்திரி ஒன்பது மணிக்குத் தரையில் உட்கார்ந்து அந்த ஈர டேப்பை நகத்தால் கிழித்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த அணியின் நிலைமை புரிந்தது ஸ்கோர்போர்டைப் பார்த்து இல்லை, அந்த அறையைத் தாண்டிப் போகும்போதுதான்.

பழைய கோச் போன செய்தியைப் பையன்கள் போனில்தான் தெரிந்துகொண்டார்கள். புதியவர் வந்ததும் சுவரில் புது வாசகங்கள் எழுதினார்கள். பயிற்சி உடுப்பில் கல்லூரிச் சின்னத்தை எடுத்துவிட்டு, உழைத்து அதைத் திரும்ப வாங்குங்கள் என்று வெறும் சாம்பல் நிற டி-ஷர்ட் கொடுத்தார்கள். இதெல்லாம் கேமராவுக்கு நன்றாக இருக்கும். இதனால் ஒரு பையன் மாறியதாக எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி மாதம் ஒரு விதி வந்தது. ஒருத்தன் டியூட்டரிங்குக்கு வராவிட்டால், அவனோடு அதே பொசிஷனில் ஆடுகிற எல்லாரும் மறுநாள் காலை ஆறு மணிக்குக் கூடுதலாக ஓடவேண்டும். ‘ஒருத்தருக்கு ஒருத்தர் பொறுப்பு’ என்பது எண்ணம். முதல் வாரம் வருகைப் பதிவு நூற்றுக்கு நூறு. மூன்றாவது வாரம், வாசலில் அடையாள அட்டையைத் தேய்க்கிற இடத்தில் ஒரு லெஃப்ட் கார்ட் நின்றிருந்தான், அதாவது எதிரணியைத் தடுக்கிற முன்வரிசை ஆட்டக்காரன். நூற்று நாற்பது கிலோ உடம்பு. கையில் நான்கு அட்டைகள். நான்கையும் ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டு நிமிர்ந்தான், என்னைப் பார்த்துவிட்டான். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் வாய் வரவில்லை.

அன்று ராத்திரி தூங்கவில்லை. காட்டிக்கொடுத்தால் அந்தக் கூட்டமே ஓடும், பேசாமல் இருந்தால் நானும் அந்தப் பொய்யில் பங்காளி. மறுநாள் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டேன். பெரிய தண்டனையாக வரும் என்று பயந்துகொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு கோச் தனியாக வந்தார். கூட உதவியாளர் இல்லை, வீடியோ எடுக்கிறவர்கள் இல்லை. முப்பது பையன்கள் இருந்தார்கள். அவர் பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. “இந்த விதியைப் போட்டது நான். உங்களைப் பொய் சொல்ல வைத்தது இந்த விதிதான். அது இன்றோடு போச்சு. சொன்ன பொய் மட்டும் உங்க கணக்கு. அதை யார்கிட்ட நேர் பண்ணணுமோ அவங்ககிட்ட நேர் பண்ணிக்குங்க” என்று எங்கள் மேஜைகளைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். ஒன்பதரை வரை அங்கேயே இருந்தார், தன் வேலையைப் பார்த்துக்கொண்டு.

அந்த லெஃப்ட் கார்ட் எழுந்து வந்தான். சாரி என்றான். அதுவரை என்னை ‘ஸ்டாட்ஸ் லேடி’ என்றுதான் கூப்பிடுவான். உங்கள் பெயரை எப்படிச் சொல்லணும் என்று கேட்டான். என் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது, பாவம். நோட்டின் மேல்முனையில் காதில் விழுந்தபடி எழுதினான், அடித்தான், மறுபடி எழுதினான், நான்கு தடவை.

அந்த வருடம் நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி. முந்தின வருடத்தைவிட ஒன்றுதான் கூட. ஆனால் ஆறாவது ஆட்டத்தில் படுதோல்வி அடைந்துவிட்டு வந்த மறுநாள், ஞாயிறு மாலை, ஸ்டடி ஹாலில் உட்கார நாற்காலி போதவில்லை. சலவை அறையில் மேனேஜர் பிள்ளைகள் ஏழரைக்கே கிளம்பிவிட்டார்கள்.

அதே ஆட்டத்தில்தான் லெஃப்ட் கார்டுக்கு முழங்கால் போயிற்று. மூன்றாவது தடவை. இனி ஆடவே கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். உடல் காரணமாக ஆட்டத்தை விட்டவனை ஒரு அணிக்கு 85 பேர்தான் என்று அப்போதிருந்த ஸ்காலர்ஷிப் கணக்கில் சேர்க்கவேண்டியதில்லை. அதனால் அவனுக்குப் பணம் கொடுப்பதில் கோச்சுக்கு நட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் மீட்டிங் அறையில் முன்வரிசை ஆட்டக்காரர்கள் உட்காரும் இடத்தில் அவன் நாற்காலியை எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார் பாருங்கள், அதைச் சொல்லவேண்டிய கட்டாயம் அவருக்கு எந்த விதியிலும் இல்லை. தனக்கு இனிமேல் உபயோகப்படாத ஒரு பையனை எப்படி நடத்துகிறார் என்பதை மற்ற நூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கோச்சை நான் எடை போடுவது அதை வைத்துத்தான்.

ஒரு கிக்கரின் அப்பா:

மேடம், உங்க கடைசி வரியைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். எங்க வீட்ல நடந்தது இதுக்கு நேர் எதிர்.

என் பையன் கிக்கர், இந்த ஆட்டத்துலயும் பந்தை உதைக்கிறதுக்குன்னு இருக்கிற ஆள். அவன் வாக்-ஆன். அதாவது ஸ்காலர்ஷிப் கிடையாது, ஃபீஸ் முழுசும் நாங்கதான் கட்டினோம். மூணு வருஷம். ஒரு ஆட்டத்துலகூட இறங்கல. வாரா வாரம் எதிரணி கிக்கர் மாதிரி உதைச்சுக் காட்டுறதுதான் வேலை. அதையே அவ்வளவு பெருமையா செய்வான். தங்கச்சி கல்யாண வீட்டுக்கு வந்தப்பகூட விடியக்காலைல எழுந்து, காலை நீட்டி மடக்கிட்டிருப்பான்.

2025ல புது கோச் வந்தார். பெற்றோருக்கு ஆன்லைன்ல ஒரு கூட்டம். அரை மணி நேரத்துல ‘குடும்பம்’ங்கிற வார்த்தைய எத்தனை தடவை சொன்னாரோ. அந்த வருஷம்தான் காலேஜ் ஆட்டக்காரங்க பணம் கேட்டுப் போட்ட அந்தப் பெரிய வழக்கு முடிவுக்கு வந்துச்சு. காலேஜே ஆட்டக்காரங்களுக்குப் பணம் குடுக்கலாம், ஆனா அணியில 105 பேருக்கு மேல இருக்கக்கூடாது. அதுக்கு முன்னாடி ஸ்காலர்ஷிப்புக்குத்தான் 85னு அளவு, வாக்-ஆன் பசங்களை எவ்வளவு வேணும்னாலும் வெச்சுக்கலாம். இப்ப ஆளைக் குறைக்கணும். ஏற்கெனவே இருந்த பசங்களைக் கணக்குல சேக்காம வெச்சுக்கலாம்னு கடைசியில நீதிபதி வழி விட்டாங்க. வெச்சுக்கணும்னு கட்டாயம் இல்ல.

கூப்பிட்டு உள்ள விட்டு வெளிய அனுப்ப ஏழு நிமிஷம் ஆச்சாம். பேசினது கோச்சுகூட இல்ல, வேற யாரோ. அவன் லாக்கருக்குப் போனா, சாமானெல்லாம் ஏற்கெனவே கறுப்புக் குப்பைப் பையில கட்டி வெச்சிருக்கு. மேல டேப் ஒட்டி அவன் நம்பர். பேர்கூட இல்ல.

அளவு குறைஞ்சா யாரோ போய்த்தான் ஆகணும், அது எனக்குப் புரியுது. ஆனா நேர்ல பாத்து கோச் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். குப்பைப் பைய மட்டும் என்னால மன்னிக்க முடியல.

கான்சாஸில் படித்தவர்:

கிக்கரின் அப்பாவுக்கு: தம்பி, உங்கள் மகன் மூன்று வருடம் உழைத்தது வீண் என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஒரு பழைய கதை சொல்கிறேன்.

1988 ஆகஸ்டில் கான்சாஸ் ஸ்டேட்டில் எம்.எஸ். படிக்க வந்தேன். ஊர் பெயர் மான்ஹாட்டன். நியூயார்க் என்று நினைத்து ஊரில் எல்லாரும் பொறாமைப்பட்டார்கள், சுற்றிலும் புல்வெளிதான். அமெரிக்கக் கல்லூரிகளிலேயே மோசமான ஃபுட்பால் அணி எங்களுடையது. மேல்மட்டப் பிரிவில் முதன்முதலில் 500 தோல்வியைத் தொட்ட கல்லூரி. 1986 அக்டோபருக்குப் பிறகு ஒரு வெற்றிகூடக் கிடையாது. அந்த நிலைமையில்தான் பில் ஸ்னைடர் கோச்சாக வந்தார், அயோவாவில் உதவி கோச்சாக இருந்தவர்.

அந்தக் காலத்தில் இப்போது மாதிரி, கல்லூரி மாற நினைக்கிற ஆட்டக்காரர்கள் பெயரைப் பதிகிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் கிடையாது. அது 2018ல்தானே வந்தது. ஒரு கல்லூரி விட்டு இன்னொன்றுக்குப் போனால் ஒரு வருடம் ஆடாமல் உட்காரவேண்டும். ஸ்னைடர் ஜூனியர் காலேஜ்களிலிருந்து, அதாவது இரண்டு வருடக் கல்லூரிகளிலிருந்து, நிறையப் பேரைக் கொண்டுவந்தார், உண்மை. ஆனால் முதல் வருடம் பெரும்பாலும் இருந்தவர்களை வைத்துத்தான் ஓட்டவேண்டும்.

1989 செப்டம்பர் 30. வடக்கு டெக்சாஸுடன் ஆட்டம். அதுவரை தொடர்ந்து 30 ஆட்டங்களில் வெற்றியே இல்லை. ஒரே ஒரு டிரா. எனக்கு விதிகள் பாதிதான் தெரியும். கடைசி வினாடி, பின்தங்கியிருக்கிறோம். கார்ல் ஸ்ட்ரா எறிந்தார், ஃபிராங்க் ஹெர்னாண்டஸ் எல்லைக்குள் பிடித்தார். 20-17. பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். இளவட்டங்கள் மைதானத்தில் குதித்து கோல் கம்பங்களைச் சாய்த்துவிட்டார்கள்.

எறிந்த ஸ்ட்ரா புதிதாக வந்தவர் இல்லை. முந்தின வருடம் தோற்றுத் தோற்றுத் திரும்பிய அதே அணியில் இருந்தவர். தோற்றவர்களின் கையாலேயே அந்த முதல் வெற்றி வந்தது என்பதுதான் முப்பது வருடத்துக்கு மேலாகியும் எனக்கு மறக்காதது.

அந்த வருடம் அந்த ஒரு வெற்றிதான், பத்துத் தோல்வி. அடுத்த வருடம் ஐந்து, அதற்கடுத்து ஏழு. தினம் தினம் கொஞ்சம் மேலே வா என்பதுதான் அவர் ஓயாமல் சொன்னது. இப்போது எந்தக் கல்லூரி அவ்வளவு காத்திருக்கும்? 1993லிருந்து 2003 வரை ஒரு வருடம் தவறாமல் பௌல் ஆட்டத்துக்குப் போனோம், சீசன் முடிவில் நன்றாக ஆடின அணிகளுக்குக் கிடைக்கிற ஆட்டம் அது. நான் அதற்குள் வேலைக்கு வேறு மாநிலம் வந்துவிட்டேன், ஆனாலும் ‘நாம்’ என்றுதான் வருகிறது.

ப்ளூமிங்டனில் இருப்பவர்:

ஐயா சொன்னது சரி. ஆனா இருந்தவங்களை வெச்சு மாத்தினாத்தான் கல்ச்சர், வெளியிலிருந்து கொண்டுவந்தா இல்லன்னு அர்த்தம் வந்துடக்கூடாது. எங்க ஊர் இந்தியானா யுனிவர்சிட்டி அணி 2023ல மூணு வெற்றி, ஒன்பது தோல்வி. கர்ட் சிக்னெட்டி கோச்சா வந்தார், முன்னாடி இருந்த ஜேம்ஸ் மேடிசன் யுனிவர்சிட்டில தன்கிட்ட ஆடின 13 பேரைக் கூட்டிட்டு வந்தார். 2024ல 11 வெற்றி, ரெண்டு தோல்வி. 2025 பருவத்துல ஒரு ஆட்டம்கூடத் தோக்காம தேசிய சாம்பியன். என்னோட வேலை பாக்கிற ஒருத்தர் நாப்பது வருஷமா சீசன் டிக்கெட் வாங்குறவர். முன்னெல்லாம் இடைவேளையோட எழுந்து போயிடுவார்.

அந்த 13 பேருக்கு இந்த கோச் எப்படிப் பேசுவார், பயிற்சி எப்படி இருக்கும்னு முன்னாடியே தெரியும். பழைய பசங்க அவங்களைப் பாத்துக் கத்துக்கிட்டாங்க. கோச் ஒருத்தர் மேடையில நின்னு சொல்றதைவிட பக்கத்து லாக்கர்காரன் செய்யறது சீக்கிரம் ஒட்டிக்கும். கொலராடோ யுனிவர்சிட்டில 2023ல டியான் சாண்டர்ஸ் கோச்சா வந்தப்ப அம்பது பேருக்கு மேல வெளிய போனாங்க. அந்த வருஷம் நாலு வெற்றிதான். ஒரே சமயத்துல எல்லாரும் புதுசுன்னா, யார் யாருக்குக் கத்துக்குடுப்பாங்க? எத்தனை பேரை மாத்தறோம்ங்கிறதவிட, வர்றவன் எதைக் கூடவே கொண்டுவர்றான்ங்கிறதுதான் விஷயம்னு எனக்குத் தோணுது, அக்கா.

ஸ்டாட்ஸ் டியூட்டர்:

ப்ளூமிங்டன் தம்பி சொன்ன ‘பக்கத்து லாக்கர்காரன்’ முழுக்கச் சரி. எங்கள் ஊரில் சாக்ஸிலிருந்து டேப்பைப் பிரித்துவிட்டு எறியும் பழக்கத்தை ஆரம்பித்தது கோச் இல்லை, ஒரு வாக்-ஆன். ஒருத்தனைப் பார்த்து அவன் வரிசை, அந்த வரிசையைப் பார்த்து அடுத்தது. அவன் பெயர் ஒரு ஆட்டத்திலும் ஒலிபெருக்கியில் வந்ததில்லை.

கிக்கரின் அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை சார். பையன் இப்போது என்ன செய்கிறான்?

லெஃப்ட் கார்ட் 2023 டிசம்பரில் பட்டம் வாங்கினான். ஸ்டாட்ஸ் பாடத்தில் ‘பி’ கிரேடு. போன மாதம் வீடு மாறும்போது பழைய நோட்டு கிடைத்ததாம், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். என் பெயர் நான்காவது தடவையும் தப்புத்தான்.

ஒரு கிக்கரின் அப்பா:

சனிக்கிழமைல பக்கத்து ஹைஸ்கூல் பசங்களுக்குச் சொல்லித்தர்றான் மேடம். நேத்து ராத்திரி டைனிங் டேபிள்ல உக்காந்து, இருபத்திரெண்டு பேர் பேரையும் ஒரு பேப்பர்ல எழுதி மனப்பாடம் பண்ணிட்டிருந்தான்.