சர்க்கரை குறையுது, பார்வை மங்குது: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். எனக்குச் சர்க்கரை வந்து 11 வருடம். நாலு மாதம் முன்பு விழித்திரையில் லேசான ரத்தக்கசிவு இருப்பதாகக் கண் டாக்டர் சொன்னார். பயந்துபோய் மாவுச்சத்தைப் பாதியாக வெட்டி, காய்கறியைக் கூட்டினேன். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 9.6-லிருந்து 7.2-க்கு இறங்கிவிட்டது.

சந்தோஷப்பட முடியவில்லை. காலையில் பளிச்சென்று தெரியும் செல்போன் எழுத்து, சாயங்காலம் தண்ணீர் பட்ட மை மாதிரி கலங்குகிறது. சர்க்கரை மாறும்போது கண் லென்ஸின் பவரும் மாறுமாம். சர்க்கரை நிலைக்கும்வரை புதுக் கண்ணாடி வேண்டாம் என்கிறார் கண் டாக்டர். மளமளவென்று குறைத்தால் விழித்திரைப் பாதிப்பு கொஞ்ச காலம் கூடவும் செய்யலாமாம். இதை முன்பே ஒருவர் சொல்லியிருக்கக் கூடாதா!

உங்களுக்குப் பார்வை நிலைக்க எத்தனை வாரம் ஆனது? உணவைக் குறைத்தபோது இன்சுலின் அளவை டாக்டர் எப்படி மாற்றினார்? எனக்கு இரண்டு தடவை நடுராத்திரியில் லோ சுகர், உடம்பெல்லாம் வியர்த்து எழுந்தேன். அடுத்த வாரம் ஓசிடி ஸ்கேன் (விழித்திரையின் அடுக்குகளைப் படம் பிடிப்பது). டாக்டரிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும்?

கேரட் ஜூஸ் குடி என்று மட்டும் சொல்லாதீர்கள், புண்ணியமாகப் போகும்.