புதுப்பிப்பு: லினக்ஸ் குழுவுக்குப் போய் வந்தேன்

நிரல் எழுதத் தெரியாத ஆள் சென்னை லினக்ஸ் பயனர் குழுவில் சேரலாமா, உபுண்டு (லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை) போட்டதும் மடிக்கணினியில் வைஃபை வரவில்லையே என்று முன்பு கேட்டிருந்தேன். "சும்மா போய்ப் பாருங்க" என்றீர்கள். போனேன்.

1998இலிருந்து நடக்கும் குழு. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடுகிறார்கள். படிவம், கட்டணம் எதுவும் இல்லை. அன்றைய பேச்சு, செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் இயக்க உதவும் டாக்கர் என்ற மென்பொருள் பற்றி. பாதி தலைக்கு மேலே போனது, பரவாயில்லை.

வைஃபை விஷயம்தான் சுவாரசியம். ஒரு அக்கா முதலில் கணினிக்குள் இருக்கும் வன்பொருள்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளை கொடுத்து, எந்த வைஃபை சில்லு என்று பார்த்தார். கைபேசியை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, அதன் இணையத்தில் அந்தச் சில்லை இயக்கும் மென்பொருளான டிரைவரை நிறுவினோம். அப்படியும் வரவில்லை. செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) இயங்கினால், நம்பகமான டிஜிட்டல் கையொப்பம் இல்லாத டிரைவரை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஏற்காதாம். செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாம் என்றார் ஒருவர். அக்கா விடவில்லை. ஒரு கடவுச்சொல் வைத்து, மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் அதைக் கொடுத்து, டிரைவரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியைப் பதிய வைத்தார். வந்துவிட்டது! அந்தத் திரை சில நொடிதான் நிற்கும். உடனே ஏதாவது ஒரு விசையை அழுத்துங்கள், இல்லாவிட்டால் பழையபடி ஆரம்பிக்க வேண்டும்.

அப்புறம், தமிழாக்கத்துக்கு ஆள் தேவை என்றார்கள். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் சில வரிகளை மொழிபெயர்க்க எடுத்துக்கொண்டிருக்கிறேன்.