ராக் பாட்டுல காம வரி: மேடையில என்ன செய்ய?

நாகர்கோவில் பேஸ்: காலேஜ் விழாவுக்குப் பழைய ராக் வாசிக்கிறோம். வில்லங்கமான வரிய மாத்தணுமா, பாட்டையே விடணுமா?

தக்கலை டிரம்ஸ்: மாத்துறது புதுசில்ல மக்கா. 1967-ல அமெரிக்காவோட எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சிக்கு பிரிட்டிஷ் ராக் பேண்ட் ரோலிங் ஸ்டோன்ஸே ‘லெட்ஸ் ஸ்பென்ட் தி நைட் டுகெதர்’ (ராத்திரிய ஒண்ணா கழிப்போம்) பாட்டுல ‘தி நைட்’ங்கிறத ‘சம் டைம்’னு (கொஞ்ச நேரம்) மாத்திப் பாடினாங்க. ரெண்டசைக்கு ரெண்டசை, அதான் தாளம் தப்பல. வார்த்தைய விழுங்குனா பீட் காலியாகும். கூட்டம் அதையே கத்தி நிரப்பும்.

மார்த்தாண்டம் கிட்டார்: அண்ணன் சொன்னது பாதிதான். 1985-ல பாட்டு வரிகளப் பத்தி நடந்த அமெரிக்க செனட் விசாரணையில முக்கியமான பயம் ஆபாசத்தப் பத்தி. ஆல்பம் அட்டையில ஒட்டுற எச்சரிக்கை லேபிளும் அப்படி வந்ததுதான். இப்ப கேக்குறது வேற: பொண்ணுக்கு வயசென்ன, சம்மதம் உண்டா? 2021-ல ஸ்டோன்ஸ் ‘பிரவுன் சுகர’ கச்சேரியில இருந்தே எடுத்தாங்க. அடிமைப் பெண்ணப் பத்தின பாட்டு, சொல்ல மாத்தி ஒப்பேத்த முடியாது. அந்த மாதிரின்னா பாடாம ரிஃப (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் மெட்ட) மட்டும் வாசிங்க.

நாகர்கோவில் பேஸ்: அப்ப ரெண்டு பாட்டு அவுட்டு.