புதுக் கோளுக்குப் பெயர்: கண்ணகியா, யாளியா?

கொட்டாஞ்சேனை சுதன்
2019இல் சர்வதேச வானியல் ஒன்றியம் தன் நூற்றாண்டை ஒட்டி நாட்டுக்கு ஒரு விண்மீனையும் அதைச் சுற்றும் கோளையும் பெயர் வைக்கக் குடுத்தது. இலங்கைக்குக் கிடைச்சது தென்மீன் கூட்டத்திலுள்ள எச்டி 205739. விண்மீனுக்குச் சாமய, கோளுக்குச் சமகிய எண்டு சிங்களப் பெயர்கள் போச்சு. இன்னொரு சுற்று வந்தால் தமிழிலிருந்து இந்தச் சோடி போகவேணும்: விண்மீன் கண்ணகி, கோள் சிலம்பு. இரண்டு பெயரும் ஒரே கருவுக்குள்ள நிற்கவேணும் எண்டது விதி. காலைச் சுற்றிக் கிடக்கிற சிலம்பைவிடப் பொருத்தமாக வேற என்ன இருக்கு? வற்றாப்பளையில் கண்ணகி அம்மன், நவகமுவையில் அதே கண்ணகியைச் சிங்களவர் கும்பிடுற பத்தினி தெய்யோ. எந்த மொழிக்காரர் குழுவில் இருந்தாலும் இது அந்நியப் பெயர் இல்லை.

வெள்ளவத்தை வானோக்கி
நீங்கள் பலம் எண்டு சொன்ன இடத்திலதான் எனக்குப் பயம். அரசியல், இராணுவம், மதம் இவற்றுக்காகவே முக்கியமாக அறியப்பட்ட ஆட்களின், இடங்களின் பெயர் கூடாது எண்டு 2019 விதி சொல்லுது. இரண்டு கோயிலைக் காட்டி ஒரு பெயரைச் சிபாரிசு செய்தால் நடுவர் முதலில் அந்த வரியைத்தான் எடுப்பார். வாக்கில் வென்றால் போதும் எண்டும் நினைக்காதேங்கோ. 2015இல் நடந்த இதே மாதிரிப் போட்டியில் டௌ பூட்டிஸ் எண்ட விண்மீனுக்கு வாக்கில் முன்னுக்கு வந்த பெயர் விதிக்குப் பொருந்தேல்லை எண்டு அந்தப் போட்டியையே இரத்துச் செய்தவை. அதே வருசம் 51 பெகாசி பி எண்ட கோளுக்குப் பலர் வழங்கி வந்த கிரேக்க வீரன் பெல்லரோஃபோன் பெயர் நிலைக்கேல்லை. வியாழனின் நிறையில் ஏறக்குறையப் பாதி எண்டதைக் குறிக்கிற டிமிடியம் வந்தது. கும்பிடாத புராணப் பிறவியை எடுங்கோ. கோயில் தூணில் நிற்கிற யாளி விண்மீனுக்கு, தோரணத்து மகரம் கோளுக்கு.

சுதன்
வருணன் கும்பிடுற தெய்வம் இல்லையோ? 2000இல் கண்டுபிடிச்ச சிறுகோள் வருணா (எண் 20000) அவர் பெயர்தான். ஹவாய்க்காரரின் தாய்த்தெய்வம் ஹவுமேயா, கலிபோர்னியப் பழங்குடிகளான டோங்வா மக்களின் படைப்புத் தெய்வம் குவாவார், எல்லாம் ஏற்கனவே வானத்தில் நிற்கினம்.

பம்பலப்பிட்டி தாரணி
சுதன் அண்ணை, நீங்கள் சொன்ன மூன்றும் சிறுகோள் பட்டியல். அதைப் பார்ப்பது வேறு பணிக்குழு, விதியும் வேறு. அங்கே எண் கிடைத்த பிறகு பெயரை முன்மொழியக் கண்டுபிடித்தவருக்கு 10 வருட உரிமை உண்டு. நெப்டியூனோடு 3:2 ஒத்திசைவில் (நெப்டியூன் மூன்று சுற்று வரும்போது இரண்டு சுற்று) சுற்றுவதற்குப் பாதாள உலகப் பெயர், நெப்டியூனுக்கு அப்பாலுள்ள குயிப்பர் பட்டையின் மற்றப் பொருட்களுக்குப் படைப்புத் தெய்வங்கள் என்று வழக்கமும் இருக்கிறது. புறக்கோள் (வேறு விண்மீனைச் சுற்றும் கோள்) நடுவரிடம் வருணனைக் காட்டிப் பயனில்லை.

ஆனால் வானோக்கி சொல்வது போலத் தெய்வம் என்றாலே தள்ளுவதும் இல்லை. 2015இல் எப்சிலன் டோரியின் கோளுக்கு ஜப்பானியர் தங்கள் சூரியத் தேவி அமதெரசுவை அனுப்பினார்கள். இன்றும் வழிபடும் தேவி. சிக்கல் வழிபாட்டில் வரவில்லை. அந்தப் பெயரில் ஏற்கனவே ஒரு சிறுகோள் இருந்தது. கடைசியில் அமதெரு என்ற வடிவம் ஏற்கப்பட்டது.

தெகிவளை ரவி
கீரிமலையில் குதிரை முகம் மாறின சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியை ஏன் ஒருத்தரும் நினைக்கேல்லை?

தாரணி
ரோமன் எழுத்தில் 21 வரும், ரவி. எல்லை 4 முதல் 16. வல்லி என்று வெட்டினால் கீரிமலைக் கதை அதில் தெரியாது.

கண்ணகிக்கு உண்மையான ஆபத்து எழுத்துக்கூட்டல். ரோமனில் கடைசி அசையைக் கே எழுத்துப் போட்டும் எழுதலாம், ஜி எழுத்துப் போட்டும் எழுதலாம். சிலம்பின் முதலெழுத்து எஸ், சி, சிஎச் மூன்றிலும் புழங்குகிறது. இருக்கிற பெயரோடு மிக நெருங்கி ஒலித்தாலும் தள்ளுவார்கள் என்பதால் எல்லா வடிவத்தையும் தேட வேண்டும். முதலில் சிறுகோள் மையத்தின் பெயர்ப் பட்டியல், பிறகு ஒன்றியம் ஏற்ற விண்மீன் பெயர்கள், மூன்றாவதாகக் கோள்களின் நிலப்பெயர்க் கையேடு. வெள்ளிக் கிரகப் பகுதியை அவசரமாகக் கடக்காதீர்கள். அங்கே ஏறக்குறைய எல்லாமே பெண் பெயர்கள், லட்சுமி மேட்டுநிலமும் அங்கேதான். பெண் தெய்வப் பெயர் மோதுவதென்றால் அங்கே மோதும்.

விளக்கக் குறிப்பில் கோயிலை எழுத வேண்டாம். சிலப்பதிகாரத்தின் தலைவி, சிலம்பை உடைத்து அரசனிடம் நீதி கேட்டவள் என்று காப்பியத்தில் தொடங்குங்கள்.

வானோக்கி
கோயிலை மறைச்சு எழுதினால் சுதன் சொன்ன காரணமே போயிடுமே. பத்தினி வழிபாடுதான் இந்தப் பெயரை இரண்டு பக்கமும் சேர்க்குது எண்டார். அதைச் சொல்லாமல் விட்டால் குழுவுக்கு வெறும் காப்பியப் பாத்திரம். சொன்னால் மத விதி. யாளிக்கு இந்த இக்கட்டு இல்லை.

இன்னொண்டு. எந்தக் கோள் எண்டு பார்க்காமல் கண்ணகியைக் குடுக்கக் கூடாது. ஃபோமல்ஹாட் பி எண்ட கோளுக்கு 2015இல் டேகன் எண்டு வைச்சினம். ஹபிள் படங்களை மறுபடி அலசி, அது விரிஞ்சு மறைஞ்ச தூசுமேகமாக இருக்கலாம் எண்டு 2020இல் ஆய்வு வந்தது. ஆரைவேகம் (கோள் இழுக்கிறதால விண்மீன் ஆடுறதை அளக்கிறது), கடப்பு (கோள் முன்னால போகேக்க விண்மீன் மங்குறதைப் பார்க்கிறது) இரண்டு முறையிலும் உறுதியான கோளாக இருந்தால் மட்டும் பெரிய பெயரை எடுங்கோ.

சுதன்
அந்தக் கடைசி நிபந்தனை சரி, முன்மொழிவில் சேர்ப்பம். மற்றதில் நான் மாறேல்லை. வழிபாட்டை ஒரு வரியில் பண்பாடாக எழுதலாம், மறைக்கத் தேவையில்லை. அமதெரு வழி காட்டியிருக்கு. உங்கட மகரம்தான் நிற்காது. மகர இராசி எண்டு ஒரு விண்மீன் கூட்டமே இருக்கு. வேற கூட்டத்தில் இருக்கிற கோளுக்கு அந்தப் பெயர் வைச்சால் வானத்தைப் பார்க்கிற எங்கட பிள்ளையள் எங்க தேடுவினம்?

வானோக்கி
மகரத்தை விடுறன். யாளியோட அசுணம். யாழிசைக்கு மயங்கி வந்து, பறை கேட்டால் உயிர் விடும் எண்டு சங்கப் பாட்டுகள் சொல்லுற விலங்கு. யாளியும் சங்கப் பாட்டில் இருக்கிறதால ஒரே கரு. ஒருவரும் கும்பிடுறதில்லை, இராசியிலும் இல்லை, ரோமனில் 4 எழுத்தும் 6 எழுத்தும். தாரணி, நீங்கள் சொன்ன மூன்று பட்டியலிலும் இரண்டு சோடியையும் தேடுங்கோ. எது மோதாமல் வருதோ அதில் இருந்து தொடங்குவம்.