டாலியின் சாவித் தூக்கம்: செய்து பார்த்தவர்கள் உண்டா?

எழும்பூர்_தூரிகை:
வணக்கம். எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படிக்கிறேன். ஸ்பானிய ஓவியர் சால்வடோர் டாலி என்றாலே எல்லோரும் மீசையைத்தான் பேசுகிறார்கள், இல்லாவிட்டால் 1936-ல் லண்டன் கண்காட்சிக்கு ஆழ்கடல் முக்குளிப்பு உடையில் பேச வந்து உள்ளே மூச்சுத் திணறிய கதை. எனக்கோ கடிகாரங்கள் உருகி வழியும் அந்த 1931 படத்தின் மேல்தான் பைத்தியம். 24க்கு 33 சென்டிமீட்டர்தான், ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் எறும்பு எறும்பாக அவ்வளவு பொறுமையாக வரைந்தவரை வெறும் கோமாளி என்று ஒதுக்க மனசு வரவில்லை. கையில் சாவியைப் பிடித்துக்கொண்டே தூங்குவாராமே, உண்மையா?

மயிலை_வாசகி:
உண்மைதான் தம்பி. 1948-ல் வந்த அவருடைய ஓவிய நுட்பப் புத்தகத்தில் செய்முறையே இருக்கிறது. கை வைத்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கனமான சாவி, நேர் கீழே கவிழ்த்து வைத்த தட்டு. கண் செருகியதும் பிடி தளரும், சாவி விழும், சத்தத்தில் விழிப்பு வந்துவிடும். அந்த ஒரு நொடித் தூக்கமே போதும் என்பது அவர் கட்சி.

போன மே மாதம் பாட்டியின் மரபீரோ சாவியையும் எவர்சில்வர் தாம்பாளத்தையும் வைத்துச் செய்து பார்த்தேன். இரண்டு நாள் ஆட்டோ ஹாரனில் கண்ணே அசரவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு ‘ணங்’ என்று விழுந்தபோது, தெப்பக்குளத்துப் படிக்கட்டு முழுவதும் பிழிந்து போட்ட ஈர வேட்டி மாதிரி மடிந்து கிடந்தது கண்ணில் நின்றது. கையில் கிடைத்த காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து வைத்தேன். பென்சிலைத் தேடப் போயிருந்தால் போயிருக்கும். அதனால் பென்சிலை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நுங்கம்பாக்கம்_72:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். அவர் கைத்திறமையில் சந்தேகமே இல்லை, ஆனால் எல்லாக் கிறுக்கையும் கலை என்று தூக்கி வைக்க முடியாது. கடைசிக் காலத்தில் வெற்றுத் தாள்களில் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், போலிகள் பெருகியதற்கு அதுவும் காரணம். 1967-ல் ஏர் இந்தியாவுக்குச் சாம்பல் கிண்ணம் வடிவமைத்துத் தந்து, கூலியாக யானை கேட்டார்! பெங்களூரிலிருந்து ஒரு குட்டியை விமானத்தில் ஏற்றி ஜெனீவா வழியாக அனுப்பினார்கள். யானையின் தும்பிக்கை தலைகீழாகப் பார்த்தால் அன்னமாகத் தெரியும் அந்தக் கிண்ணம் அழகுதான். ஆனால் தாயைப் பிரிந்து போன குட்டியை நினைத்தால் எனக்கு ரசிக்க முடியவில்லை.

அடையாறு_ஆர்வலர்:
சாவி விஷயத்துக்கு மட்டும் சொல்கிறேன். 2021-ல் பாரிஸில் இதே மாதிரி கையில் பொருளைப் பிடிக்க வைத்து ஆய்வு செய்தார்கள். கணக்குகளுக்குள் ஒளிந்திருந்த குறுக்குவழியை, தூக்கத்தின் முதல் படியில் 15 வினாடியாவது இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் கண்டுபிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம்தான். இன்னும் ஆழ்ந்து தூங்கியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

எழும்பூர்_தூரிகை:
ரொம்ப நன்றி அக்கா. இன்று மத்தியானம் ஹாஸ்டல் பூட்டுச் சாவியை வைத்து முயன்றேன். லேசான சாவி, விழுந்த சத்தமே கேட்கவில்லை, ஒரு மணி நேரம் தூங்கிவிட்டேன். நாளை ஊரிலிருந்து அப்பா வருகிறார், வீட்டு வாசல் கதவின் பழைய இரும்புச் சாவியை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.