புதுப்பிப்பு: வாடகைக்கு விட வீடு, ஏஜெண்ட் சொன்ன கணக்கு

வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்கப் போகிறேன், வீட்டு விலையில் 8 சதவீதம் வருஷ வாடகையாக வரும் என்று ஏஜெண்ட் காட்டும் கணக்கை நம்பலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். "காலி மாதத்தையும் செலவையும் கழித்துப் பாருங்கள்" என்றவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

கழித்தேன். வருஷத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலே 8 என்பது 7.3 ஆகிறது. வரி, காப்பீடு, பராமரிப்பு என்று வீட்டு விலையில் 2 சதவீதம் போனால் மிஞ்சுவது 5.3. இதில் கடன் வட்டியை இன்னும் கழிக்கவே இல்லை! அந்த வீட்டை விட்டுவிட்டேன்.

இப்போது வேறொரு ஏஜெண்ட். முதல் சந்திப்பிலேயே, "உங்கள் கமிஷன் யார் தருவது? விற்பவருக்கும் நீங்கள்தானா?" என்று கேட்டேன். தயங்காமல் சொன்னார், எழுதியும் கொடுத்தார். நேற்று பார்த்த வீட்டில் அலமாரியைச் சற்று நகர்த்தி, பின்சுவரை நகத்தால் சுரண்டினார். பூச்சு மாவாக உதிர்ந்தது. "ஈரம் இறங்குது சார், இது வேண்டாம்" என்றார். விற்றிருந்தால் அவருக்குக் கமிஷன் வந்திருக்கும். எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

இன்னும் எதுவும் வாங்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு வீடு பார்க்கிறோம். அங்கே இப்போது குடியிருப்பவர்களின் வாடகை ஒப்பந்த நகலை முன்கூட்டியே கேட்டிருக்கிறேன்.